மண்ணைக் கொண்டு மக்களை அளந்த இப்னு கல்தூன்

வடநாட்டில் வந்து குடியேறிய நம்மவர் இருவர் கடைத்தெருவிற் சந்திப்பார்களாயின், நலம் விசாரித்த மறுகணமே பேச்சு குளிரையோ வெயிலையோ பற்றியதாக அமைந்துவிடும். தை மாதத்துத் தில்லிக் குளிரில் கம்பளிக்குள் முடங்கும்போதும், வைகாசியில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீதியை வெறிச்சோட வைக்கும்போதும், இவ்வூர் மக்கள் இவ்வாறு உண்பதும் உடுப்பதும் பேசுவதும் இந்தப் பருவத்தின் விளைவுதானோ என்று எண்ணாதார் நம்முள் இல்லை. இங்கேயே பிறந்து, ரொட்டியும் பருப்பும் உண்டு வளரும் நம் பிள்ளைகள் நம்மினும் வேறான இயல்பினராய் ஆகிவிடுவார்களோ என்ற கவலை சில தாய்மார்களுக்கு உண்டு. நிலம் மனிதனை ஆக்குகிறதா, மனிதன் நிலத்தை மீறி நிற்கிறானா? வினா புதியதன்று. மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க நூலொன்று காற்றையும் நீரையும் ஊர் அமைந்த இடத்தையும் கொண்டு மக்களின் உடலையும் குணத்தையும் ஆராய்கிறது. ஆயினும் இவ்வினாவை அரசுகளின் பிறப்புக்கும் இறப்புக்கும் பொருத்தி, வரலாற்றுக்கே ஓர் இலக்கணம் வகுக்க முனைந்தவர் 14-ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் வடகரையில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் என்னும் அரபுப் பேரறிஞரே ஆவார்.

அவர் 1332-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் துனிஸ் நகரில் பிறந்தார். குடும்பமோ துனிஸைச் சேர்ந்ததன்று. அதன் மூலம் அரேபியாவின் தென்கரையில் உள்ள ஹத்ரமௌத். அங்கிருந்து ஸ்பெயினுக்குச் சென்ற முன்னோர் செவில் நகரில் பல தலைமுறை செல்வாக்குடன் வாழ்ந்தனர். 1248-இல் காஸ்டீல் நாட்டுக் கிறிஸ்தவ மன்னர் செவிலைக் கைப்பற்றினார். அதற்குச் சற்று முன்னரே வரப்போவதை உணர்ந்த கல்தூன் குடும்பத்தார், வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கடல் கடந்து ஆப்பிரிக்கா வந்து சேர்ந்தனர். ஆகவே இப்னு கல்தூன் பிறந்தது புலம்பெயர்ந்தோர் குடும்பத்தில். பெற்றோர் வீட்டில் செவிலின் பெருமை பேசப்படும்; தெருவில் இறங்கினால் துனிஸின் காற்று வீசும். இத்தகைய வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஊர் என்பது தானாகவே அமைந்த ஒன்றாகத் தோன்றாது. இஃது ஏன் இவ்வாறு இருக்கிறது, வேறோர் இடத்தில் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் இளமையிலேயே படிந்துவிடும்.

குர்ஆனும் இலக்கணமும் சட்டமும் முறைப்படி கற்றார். 1347-இல் மொராக்கோவின் மரீனிய சுல்தான் துனிஸைக் கைப்பற்றியபோது அவருடன் வந்த அறிஞர் குழுவில் அல்-ஆபிலி என்னும் கணித மேதை இருந்தார். அவரிடம் தர்க்கமும் கணிதமும் தத்துவமும் பயின்றது இளைஞரின் அறிவைத் தீட்டியது. ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. 1348-இல் கொள்ளை நோய் வந்தது. ஐரோப்பாவையும் எகிப்தையும் வாரிக்கொண்டு போன அதே கருஞ்சாவு துனிஸுக்குள்ளும் புகுந்து, அவருடைய தாய் தந்தையரையும் ஆசிரியர் பலரையும் ஒருசேர மாய்த்தது. அப்போது அவருக்கு வயது 16 அல்லது 17. உலகமே புதிதாகப் படைக்கப்பட்டாற்போல் மாறிவிட்டது என்னும் உணர்வு பிற்காலத்தில் அவர் எழுதிய நூலில் தெளிவாக இருக்கிறது. மாறிய உலகத்திற்கு ஒரு புதிய கணக்கு எழுதவேண்டும் என்ற எண்ணத்தின் வித்து இங்கேதான் விழுந்தது எனலாம்.

இருபது வயதில் துனிஸ் அரசவையில் உத்தியோகம் கிடைத்தது. அரச ஆணைகளின் தலைப்பில் இறைவனைப் போற்றும் முத்திரைத் தொடரை அழகிய எழுத்தில் வரைவதே அவ்வேலை. பெயர் பெரிது, வேலை சிறிது. மனம் நிலைகொள்ளாமல் மேற்கே சென்று, 1354-இல் மொராக்கோவின் தலைநகரான பெஸ் நகரில் சுல்தான் அபூ இனானிடம் செயலாளரானார். அடுத்து வரும் 20 ஆண்டுக் கதை தலை சுற்ற வைப்பது. துனிஸ், துலெம்ஸான், பெஸ் என மூன்று தலைநகரங்கள், ஓயாத போர்கள், ஒருவரையொருவர் கவிழ்க்கும் சுல்தான்களும் அமைச்சர்களும். இப்னு கல்தூனும் அச்சூதாட்டத்தில் காய் நகர்த்தினார். 1357-இல் சதிக்குற்றத்திற்காகச் சிறையில் இடப்பட்டு, ஏறத்தாழ இரண்டாண்டு அங்கே கிடந்தார். தாம் உண்ட சோற்றுக்கு விசுவாசமாக இருந்தார் என்று அவரைப் பற்றி யாரும் எழுத முடியாது. இன்று ஒருவர் பக்கமும் நாளை அவர் பகைவர் பக்கமும் நின்றார். அவரை வியந்து எழுதுவோர் இப்பகுதியை மெல்லத் தாண்டிச் செல்வர். ஆயினும் இதை மறைப்பதிற் பயனில்லை. அரசுகள் எவ்வாறு நோயுற்று விழுகின்றன என்பதை அவர் ஏட்டிலிருந்து கற்கவில்லை. நோயாளியின் படுக்கையருகே நின்றே கற்றார்.

பெஸ் நகரில் இருந்தபோது அறிந்த ஒரு செய்தியை அவரே தம் நூலில் குறித்துள்ளார். அது நம் தில்லியோடு தொடர்புடையது. ஆகலின் சற்று விரித்துச் சொல்வேன். உலகம் சுற்றிய இப்னு பதூதா அந்நாட்களில்தான் ஊர் திரும்பியிருந்தார். தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் அரசில் காஜியாக இருந்தவர் அவர்; பின்னர் மதுரை சுல்தானின் நாட்டுக்கும் சென்று, அங்கே கொள்ளை நோயின் கொடுமையைக் கண்டவர். தில்லி சுல்தான் படையெடுத்துச் செல்லும்போது நகர மக்களுக்கு ஆறு மாத உணவு அளிக்க ஆணையிடுவான் என்றும், திரும்பி வரும்போது விலங்குகளின் முதுகில் ஏற்றிய பொறிகளிலிருந்து பொற்காசும் வெள்ளிக்காசும் கூட்டத்தின்மேல் வாரி எறியப்படும் என்றும் அவர் கூறியதைக் கேட்ட பெஸ் நகரத்தார், இவர் வாய் கூசாமற் பொய் சொல்கிறார் என்று தமக்குள் முணுமுணுத்தனர். இப்னு கல்தூனும் அவ்வாறே கருதி, அமைச்சர் பாரிஸிடம் தம் ஐயத்தைக் கூறினார். அமைச்சரோ ஒரு கதை சொன்னார். சிறையில் இடப்பட்ட ஒருவன் தன் சிறு மகனையும் அங்கேயே வளர்த்தான். தனக்கு உணவாக வரும் இறைச்சி எதன் இறைச்சி என்று மகன் கேட்க, தந்தை ஆட்டை வருணித்தான். எலியைத் தவிர வேறு விலங்கைக் கண்டறியாத அப்பிள்ளை, ஆடு என்பது எலியைப் போன்றதுதானா என்று வினவியதாம். கண்டறியாத ஒன்றைக் கண்டறிந்ததன் அளவில் சுருக்கிப் பார்ப்பதே மனித இயல்பு என்பது அமைச்சரின் கருத்து. இதனைக் கேட்ட இப்னு கல்தூன் இரண்டு பாடங்களை எடுத்துக்கொண்டார். கேட்டதையெல்லாம் நம்பிவிடலாகாது; பழக்கமில்லை என்பதற்காகத் தள்ளிவிடவும் ஆகாது. ஒரு செய்தி நடக்கக்கூடியதா என்பதை அந்நிலத்தின் இயல்பையும் மக்கள் வாழ்வின் இயல்பையும் கொண்டே அளக்கவேண்டும். அவருடைய வரலாற்று முறையின் அடித்தளம் இதுவே.

1362-இன் இறுதியில் அவர் கடல் கடந்து கிரானடா சென்றார். ஸ்பெயினில் முஸ்லிம்கள் கையில் எஞ்சியிருந்த கடைசி அரசு அது. அதன் சுல்தான் ஐந்தாம் முகம்மதும், அமைச்சரும் பெரும் புலவருமான இப்னுல் கத்தீபும் அவரை அன்புடன் வரவேற்றனர். 1364-இல் காஸ்டீல் மன்னர் பேத்ரோவிடம் தூதராக அனுப்பப்பட்டார். மன்னர் தங்கியிருந்த ஊர் எது? முன்னோரின் செவில்! குடும்பம் அவ்வூரை விட்டு நீங்கி நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் அதன் சுவடுகள் அங்கே இன்னும் இருக்கக் கண்டார். மன்னர் அவர் பெருமையை அறிந்து, தம்மிடமே தங்கிவிட்டால் முன்னோரின் சொத்துக்களைத் திருப்பித் தருவதாகக் கூறினார். இளமை முதல் வீட்டில் கேட்டுக் கேட்டு ஊறிய அந்த வீடும் தோட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றன. இப்னு கல்தூன் பணிவுடன் மறுத்துவிட்டார். மன்னர் அளித்த உயர்சாதிக் கோவேறு கழுதையை மட்டும் ஏற்று, கிரானடா திரும்பியதும் அதனையும் தம் சுல்தானுக்கே காணிக்கையாக்கினார். மறுத்ததன் காரணத்தை அவர் விரித்துரைக்கவில்லை. சொத்து மீளலாம், அதனைச் சூழ்ந்திருந்த சமுதாயம் மீளாது என்பதை அவர் கண்டுகொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, 1365-இல் பிஜாயா என்னும் துறைமுக அரசில் முதலமைச்சருக்கு ஒப்பான பதவி. மலைவாழ் பெர்பர் குலத்தாரிடம் வரி தண்ட நேரிற் சென்றார். அடுத்த ஆண்டே அவ்வரசர் போரில் மாண்டார். பின்னர் பிஸ்க்ரா என்னும் பாலைவனச் சோலையூரில் தங்கி, அரபு நாடோடிக் குலங்களைப் படைக்குத் திரட்டித் தரும் வேலையைப் பல சுல்தான்களுக்காகச் செய்தார். கூடாரங்களில் உறங்கினார், ஒட்டகப் பாலும் பேரீச்சம் பழமும் உண்டார்.

அந்நாட்டின் அமைப்பை இங்கே சிறிது நோக்கவேண்டும். மத்திய தரைக்கடலை ஒட்டி மழை பெய்யும் குறுகிய வளநிலம். அங்கே கோதுமையும் ஒலிவமும் விளையும், நகரங்களும் துறைமுகங்களும் இருக்கும். அதன் தெற்கே அட்லஸ் மலைத்தொடர். மலைகளுக்கு இடையே புல் மட்டும் முளைக்கும் மேட்டுநிலம். அதற்கும் தெற்கே சஹாரா. நைல் போன்ற பேராறு இல்லை. மழை ஓராண்டு பெய்து ஓராண்டு பொய்க்கும். புல்லைத் தேடி மந்தையோடு அலைவோர் பருவந்தோறும் வளநிலத்தின் எல்லைக்கு வருவர். நகரத்தின் கோட்டைச்சுவரைப் பார்ப்பர். அரசு வலிமையாக இருந்தால் தானியம் வாங்கிக்கொண்டு திரும்புவர். தளர்ந்திருந்தால் உள்ளே புகுவர். 11-ஆம் நூற்றாண்டில் முராபித்துகள் சஹாராவிலிருந்து எழுந்தனர். 12-ஆம் நூற்றாண்டில் அவர்களை வீழ்த்திய முவஹ்ஹிதுகள் அட்லஸ் மலைக் குலத்தினர். 13-ஆம் நூற்றாண்டில் இவர்களையும் வீழ்த்திய மரீனியர் மேட்டுநிலத்து நாடோடிகள். மூன்று முறையும் அரசு பிறந்தது நகரத்தில் அன்று, புழுதியிலும் பாறையிலும்!

1374-இல் நண்பர் இப்னுல் கத்தீப் பெஸ் நகரச் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அவரைக் காக்க இப்னு கல்தூன் முயன்றும் பயனில்லை. அரசியல் வெறுத்தது. 1375-இல், ஒரு குலத்தாரைத் திரட்டும் பணியாகப் புறப்பட்டவர் பாதி வழியில் அதனைக் கைவிட்டு, நண்பர்களான ஆரிப் குலத்தாரிடம் அடைக்கலம் புகுந்தார். இன்றைய அல்ஜீரியாவில் பிரெண்டா ஊருக்கு அருகே உள்ள இப்னு சலாமா கோட்டையில் குடும்பத்துடன் ஏறத்தாழ நான்காண்டு தங்கினார். சமவெளியை நோக்கி நிற்கும் மேட்டின்மேல் அமைந்தது அக்கோட்டை. அங்கே சபை இல்லை, சுல்தான் இல்லை, பெரிய நூலகமும் இல்லை. கீழே மந்தைகளும் கூடாரங்களும் மட்டுமே. அந்தத் தனிமையில் 1377-ஆம் ஆண்டு, ஐந்தே மாதங்களில், பெருவரலாற்று நூலொன்றின் முதற்பகுதியை எழுதி முடித்தார். ‘முகத்திமா’ என்று உலகம் போற்றும் நூல் அதுவே. முகவுரை என்பது அதன் பொருள். முகவுரையே முழு நூலினும் புகழ் பெற்றுவிட்டது.

அந்நூல் நிலத்திலிருந்து தொடங்குகிறது. மனிதன் தனித்து வாழ இயலாதவன். ஒரு நாளைய உணவுக்குக்கூட உழுபவன், அரைப்பவன், கொல்லன் எனப் பலர் உழைப்பு வேண்டும் என்று முதலில் நிறுவுகிறார். பின்னர், தாலமியும் அல்-இத்ரீஸியும் காட்டிய வழியில், மக்கள் வாழும் உலகைத் தெற்கிலிருந்து வடக்காக ஏழு வெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறார். நடுவிலுள்ள மூன்று, நான்கு, ஐந்தாம் மண்டலங்களில் வெப்பமும் தட்பமும் ஒத்திருத்தலின் கல்வியும் கலையும் கட்டடமும் நகரமும் அங்கே செழித்தன என்பது அவர் முடிவு. சிரியா, இராக், ஸ்பெயின் ஆகியவற்றுடன் இந்தியாவையும் சீனத்தையும் அந்த நற்பேறு பெற்ற நாடுகளுள் வைத்து எண்ணுகிறார்.

கறுப்பு நிறம் நோவாவின் சாபத்தால் மகன் ஹாமின் வழியினருக்கு வந்தது என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். அஃது அறியாமை என்று அவர் தயங்காமல் எழுதினார். நிறம் வெயிலாலும் காற்றாலும் வருவது. தெற்கத்தியர் வடக்கே குடியேறினால் தலைமுறை தோறும் நிறம் மாறும் என்றார். சில தலைமுறைகளில் அவ்வாறு மாறிவிடாது, பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும் என்பது இன்றைய அறிவியல். எனினும் சாபத்தை நீக்கிச் சூரியனைக் காரணமாக வைத்தாரே, அது சிறிய செயலன்று. ஆனால் அதே ஏட்டில், கடைக்கோடி மண்டலங்களில் வாழும் கறுப்பரையும் வடக்கத்திய ஸ்லாவியரையும் விலங்குக்கு அண்மையில் வைத்துப் பேசுகிறார். தாம் நேரிற் காணாத மக்களைப் பற்றிய இக்கூற்றை நாம் ஏற்க முடியாது. சிறையிற் பிறந்த பிள்ளையின் எலிக் கதை ஏனோ இவ்விடத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. வெப்பமான அரேபியா எவ்வாறு நற்பண்பு பெற்றது என்ற வினா எழும்போது, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்து அதனைத் தணிக்கிறது என்று அதற்கு மட்டும் ஒரு விலக்குத் தருவதும் சற்று நகைப்பை விளைப்பதே.

நேரிற் கண்டவற்றை எழுதும்போதோ அவருக்கு இணையில்லை. வெப்பம் உள்ளத்தை மலர்த்தும், தட்பம் சுருக்கும் என்பதற்குச் சான்றாக வெந்நீர்க் குளியலறையில் மனிதர் தம்மை மறந்து பாடத் தொடங்குவதைக் காட்டுகிறார். எகிப்தியர் நாளையைப் பற்றிக் கவலைப்படாதவர். ஒரு மாத உணவைக்கூட வீட்டில் சேர்த்து வைப்பதில்லை. அன்றன்று சந்தையிலேயே வாங்கி உண்பர். குளிர்மலைகள் சூழ்ந்த பெஸ் நகரத்தாரோ தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பர். ஈராண்டுக்கு வேண்டிய கோதுமையை வீட்டில் குவித்து வைத்திருப்பர். அப்படியிருந்தும் குவித்ததில் கை வைக்க மனம் வராமல் விடியற்காலையிலேயே சந்தைக்கு ஓடுவர். நம் குடியிருப்பிலும் இவ்விரு வகையினரும் அடுத்தடுத்த வீடுகளிலேயே இருக்கக் காண்கிறோம். ஒரே வெயில், ஒரே குளிர். எனினும் ஒருவர் எகிப்தியர், ஒருவர் பெஸ்காரர்! இதற்கு இப்னு கல்தூன் என்ன விடை கூறியிருப்பாரோ தெரியவில்லை.

ஆனால் வெப்ப மண்டலக் கணக்கோடு அவர் நின்றிருந்தால், பழைய கிரேக்கரின் மாணாக்கர் என்ற அளவில் அவர் பெயர் முடிந்திருக்கும். அதற்கும் மேலே ஒரு படி சென்றார். நிலம் மனிதனின் குணத்தை நேராக ஆக்குவதினும், அவன் பிழைக்கும் வழியை முதலில் ஆக்குகிறது; பிழைக்கும் வழி அவனுடைய உறவுமுறையை ஆக்குகிறது; உறவுமுறை அரசை ஆக்குகிறது. பாலையில் தனியே நிற்பவன் ஒரு நாளும் உயிரோடு இரான். நீர்நிலைக்கும் புல்லுக்கும் குலம் முழுவதும் ஓருடலாய் நின்றாக வேண்டும். அப்பிணைப்பை அவர் ‘அஸபிய்யா’ என்றார். குலப்பற்று என்று தமிழில் ஒருவாறு கூறலாம். மதிலும் காவலும் உள்ள நகரத்தானுக்கு இப்பற்று தேவையில்லை. எனவே அது தேய்கிறது. தேய்ந்த நகரத்தைத் திரண்ட குலம் வெல்கிறது. வென்றவர் அரண்மனை கட்டுகின்றனர். முதல் தலைமுறைக்குப் பாலையின் பசி நினைவிருக்கிறது. இரண்டாவதற்குத் தந்தையைக் கண்ட நினைவிருக்கிறது. மூன்றாவது தலைமுறை பட்டிலும் பஞ்சணையிலும் பிறந்து, கூலிப்படையை நம்பி நிற்கிறது. தலைமுறைக்கு 40 ஆண்டாக, ஓர் அரசின் ஆயுள் ஏறத்தாழ 120 ஆண்டு. அதற்குள் எல்லையில் இன்னொரு குலம் பசியோடு காத்திருக்கும்.

தமிழறிந்தார்க்கு இங்கே திணைக் கோட்பாடு நினைவுக்கு வருதல் இயல்பு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, தெய்வமும் உணவும் தொழிலும் கருப்பொருளாக அமையும் முறையைத் தொல்காப்பியர் வகுத்தார். அவர் வகுத்தது செய்யுளுக்கு. இவர் வகுத்தது அரசியலுக்கு. ஒருவரை ஒருவர் அறிந்தவரும் அல்லர். மிகைபட இணைத்துப் பேசுதல் வேண்டா.

ஒரு நிலத்தின் அமைப்பு அரசின் வலிமையை எவ்வாறு மாற்றும் என்பதற்கு அவர் காட்டும் ஒப்பீடு நுட்பமானது. குலங்கள் மலிந்த மக்ரிபு நாட்டில் ஓர் அரசு நிலைபெறுவது கடினம். ஒன்றை அடக்கினால் மலைக்கு அப்பால் மற்றொன்று எழும். எகிப்திலோ குலங்கள் இல்லை. ஆள்வோரும் குடிகளுமே உண்டு. ஆகவே அங்கே ஆட்சி எளிது. நகரம் கட்டுவோர் நன்னீர், காற்று, விளைநிலம், மேய்ச்சல், விறகு ஆகியவற்றை நோக்கி இடம் தேரவேண்டும் என்கிறார். கூபாவையும் பஸ்ராவையும் கைரவானையும் நிறுவிய பழைய அரபியர் ஒட்டகத்துக்கு மேய்ச்சல் உண்டா என்பதை மட்டுமே பார்த்தனர் என்று தம் இனத்தாரையே குறை கூறுகிறார். அரசின் தொடக்கத்தில் குறைந்த வரியால் நிறைந்த வருவாயும், முடிவில் நிறைந்த வரியால் குறைந்த வருவாயும் வரும் என்ற அவர் கருத்தை 1981-இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் ஒரு பத்திரிகையாளர் கூட்டத்தில் எடுத்துக் கூறினார் என்றால், அதன் ஆயுளை எண்ணிப் பார்க்கலாம்.

நூலைச் செப்பம் செய்ய ஏடுகள் வேண்டியிருந்தன, உடலும் நோயுற்றது. 1378-இல் துனிஸ் திரும்பினார். பிறந்த ஊரில் பொறாமை காத்திருந்தது. ஹஜ் யாத்திரையைக் காரணம் காட்டி 1382-இல் கப்பலேறி, கெய்ரோவை அடைந்தார். இனி மக்ரிபுக்கு அவர் திரும்பவேயில்லை. நைல் ஆற்றின் பெருநகரம் அவரை மலைக்க வைத்தது. அல்-அஸ்ஹரில் பாடம் சொன்னார். மம்லூக் சுல்தான் பர்கூக் 1384-இல் மாலிகிச் சட்டப் பிரிவின் தலைமை நீதிபதியாக அவரை நியமித்தார். கையூட்டையும் பொய்ச்சான்றையும் கண்டிப்புடன் ஒழிக்க முயன்றதால் பகைவர் பெருகினர். அவரைத் தம்மிடம் திரும்ப வரவழைக்கும் பொருட்டுத் துனிஸ் சுல்தான் அவர் குடும்பத்தைத் தடுத்து வைத்திருந்தார். பர்கூக் பரிந்து எழுதிய பின்னர் விடுத்தார். அவர்களை ஏற்றி வந்த கப்பல் அலெக்ஸாண்டிரியாவின் அருகே புயலில் மூழ்கியது. கொள்ளை நோய் பெற்றோரைக் கொண்டது. கடல் மனைவி மக்களைக் கொண்டது. சில மாதங்களில் பதவியும் போயிற்று. அரசுகள் எக்காரணத்தால் அழிகின்றன என்று நூறு நூறு ஏடுகள் எழுதியவர், இத்துயரைத் தம் வரலாற்றில் மிகச் சில வரிகளில் சொல்லி முடித்துவிட்டார்.

பதினாறு ஆண்டு கழித்து, முதுமையில், அவர் கொள்கைக்கே உயிருள்ள சான்றாக ஒருவர் எதிரே வந்து நின்றார். 1398 டிசம்பரில் நம் தில்லியைச் சூறையாடி, தலைகளைக் குவித்துச் சென்ற தைமூர்தான் அவர். 1400-இல் அவர் சிரியாவுக்குள் புகுந்தார். பர்கூக்கின் மகனான இளஞ்சுல்தான் பரஜ், நீதிபதிகளையும் உடன் அழைத்துக்கொண்டு டமாஸ்கஸ் வந்தார். கெய்ரோவில் சதி நடப்பதாகக் கேள்வியுற்று, நகரத்தை விட்டுவிட்டுத் திரும்பியோடினார். முற்றுகைக்குள் அகப்பட்டுக்கொண்ட இப்னு கல்தூன் 1401 ஜனவரியில், கோட்டைச்சுவரிலிருந்து கயிற்றால் இறக்கப்பட்டுத் தைமூரின் பாசறைக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 68.

ஏறத்தாழ 35 நாட்கள் அவர் அங்கே போய் வந்தார். குவாரிஸம் நாட்டு அறிஞர் ஒருவர் மொழிபெயர்த்தார். குலத்தின் திரட்சியே அரசாகிறது என்ற தம் கொள்கையை இப்னு கல்தூன் எடுத்துரைத்தார். குர்ஆன் பிரதியும், தொழுகை விரிப்பும், ‘புர்தா’ என்னும் பாடலின் பிரதியும், நான்கு பெட்டி எகிப்திய இனிப்பும் காணிக்கையாக அளித்தார். தைமூருக்கு வேண்டியது வேறு. மக்ரிபு நாட்டின் மலை, ஆறு, ஊர், வழி ஆகிய அனைத்தையும் நேரிற் பார்ப்பதுபோல் எழுதித் தரவேண்டும் என்றார். இப்னு கல்தூன் எழுதித் தந்தார். நிலத்தை அறிதலே வரலாற்றை அறிதல் என்று கண்ட மனிதரின் கையிலிருந்து, தம் சொந்த நாட்டின் நில விவரம் உலகையே நடுங்கச் செய்த படையெடுப்பாளரிடம் சேர்ந்தது. இதைச் செய்யலாமா? உயிருக்கு அஞ்சினார் என்பர் சிலர்; டமாஸ்கஸில் விடப்பட்ட எழுத்தர்களுக்கும் அலுவலருக்கும் பாதுகாப்புக் கடிதம் பெற்றுத் தந்தாரே என்பர் சிலர். ஊர் திரும்பிய பின் மக்ரிபு மன்னருக்குத் தைமூரைப் பற்றியும் தார்த்தாரியரைப் பற்றியும் அவர் விரிவாக எழுதியனுப்பினார் என்பதும் கருதத் தக்கது. தைமூர் மேற்கே திரும்பாமற் போனது உலகத்தின் நற்பேறு. எனக்கு மனம் முழுதும் ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பாசறையில் நான் நின்றவனும் அல்லேன். டமாஸ்கஸ் நகரமும் அதன் பெரும் பள்ளிவாசலும் தீக்கிரையானதை அவர் கண்டு வருந்தி எழுதியிருக்கிறார்.

விடைபெறும்போது தைமூர் அவருடைய கோவேறு கழுதையை விலைக்குக் கேட்டார். இவர் காணிக்கையாகவே கொடுத்துவிட்டார். செவிலில் ஒரு கழுதை வந்தது. டமாஸ்கஸில் ஒரு கழுதை போயிற்று. எகிப்துக்குத் திரும்பும் வழியில் குலத்தார் சிலர் மறித்து, உடுத்திய ஆடை உட்பட எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு விட்டனர். தைமூரிடம் தப்பியவர் வழிப்பறிக்குத் தப்பவில்லை. சில காலத்திற்குப் பின் கழுதைக்குரிய பணம் தூதர் வழியே கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தது. அதனைத் தம் சுல்தானுக்கு அறிவித்து இசைவு பெற்ற பின்னரே அவர் கையில் வாங்கினார்.

இறுதி ஆண்டுகளில் நீதிபதிப் பதவி வருவதும் போவதுமாக இருந்தது. மொத்தம் ஆறு முறை அமர்த்தப்பட்டார். கெய்ரோவில் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தும், எகிப்து நீதிபதிகளுக்குரிய உடையை அணிய மறுத்து, மக்ரிபு நாட்டு உடையிலேயே நீதிமன்றம் சென்று வந்தார். உடன் உத்தியோகம் பார்த்தவர்கள் அதனை அகங்காரம் என்று எழுதி வைத்துள்ளனர். நைல் ஆற்றின் நீரையும் காற்றையும் இருபது ஆண்டு உட்கொண்டவரின் தோளில் அட்லஸ் மலையின் மேலாடை இருந்தது என்பதை, ஊர் விட்டு ஊர் வந்த நாம் அகங்காரம் என்று எளிதில் சொல்லிவிட மாட்டோம்.

அவர் காலத்துக்குப் பின் அவர் நூலைப் பெரிதும் போற்றிப் பயின்றவர்கள் துருக்கிய வரலாற்றாசிரியர்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கெய்ரோவிலும் பாரிஸிலும் ‘முகத்திமா’ அச்சேறியது. பிரெஞ்சிலும், 1958-இல் மூன்று தொகுதிகளாக ஆங்கிலத்திலும் முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டது. அதன்பின் வரலாற்றாசிரியரும் சமூகவியலாரும் பொருளியலாரும் அவரைத் தத்தம் முன்னோராக உரிமை கொண்டாடத் தொடங்கினர்.

ஆறாம் முறை நீதிபதியான சில நாட்களிலேயே, 1406 மார்ச் 17-ஆம் நாள், அவர் கெய்ரோவில் காலமானார். வெற்றி வாயில் எனப்படும் பாபுந் நஸ்ருக்கு வெளியே உள்ள சூபிகளின் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். அந்தக் கல்லறை இருந்த இடம் இன்று அடையாளம் தெரியவில்லை.